கேபிள் ஒளிபரப்புத் திருட்டும் அதன் தண்டனைகளும்

பிறருடைய பொருளை அவருடைய அனுமதியின்றி எடுத்துக் கொள்வது களவு. ஓதத் தொடங்கிய சிறு பிள்ளையும் இதை அறியும். ஆனால் எடுத்துக் கொண்ட பின்னரும் அப்பொருள் உடையவரிடம் சிறிதும் குறையாமல் இருந்தால், அந்தச் செயலுக்கு என்ன பெயர்? ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றிக் கொள்வது போன்றதுதானே, இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் இன்று பெருகி விட்டார்கள். கேபிள் டி.வி. கம்பியிலிருந்து சந்தா கட்டாமல் ஒரு லைன் இழுத்துக் கொள்பவரும், பூட்டி வைத்த சேனல்களைத் திறந்து தரும் கள்ளப் பெட்டியை வாங்கி வைப்பவரும் இந்தக் கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

இக்கேள்விக்கு உலகச் சட்டங்கள் விடை கூறியிருக்கின்றன. நமது பிக்ஹு நூல்களிலும் விடை இருக்கிறது. இவ்விரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்போம். சட்டத்திற்கு உதாரணமாக அமெரிக்கச் சட்டத்தை முதலில் எடுத்துக் கொள்வோம். அந்நாட்டில் இக்குற்றத்திற்கென்றே தனிப் பிரிவு வகுத்து, வீட்டில் பார்ப்பவர், அதைக் கொண்டு வியாபாரம் செய்பவர், கருவி விற்பவர் என்று படி பிரித்துத் தண்டனை எழுதியிருக்கிறார்கள். அன்றியும், படிப்பிற்காகவும் பிழைப்பிற்காகவும் நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் அங்கே வாழ்கிறார்கள். அவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

கம்பியில் வருவது யாருடைய பொருள்?

1948ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவின் பென்சில்வேனியா, ஆரிகன் மாநிலங்களில் மலை மறைவில் இருந்த ஊர்களுக்கு டெலிவிஷன் அலைகள் சரியாக எட்டவில்லை. உயரமான இடத்தில் ஏரியலை நட்டு, அங்கிருந்து கம்பி வழியாக வீடுகளுக்குப் படத்தைக் கொண்டு வந்தார்கள். அதுவே கேபிள் தொழிலின் தொடக்கம். 1972 நவம்பரில் எச்.பி.ஓ. என்னும் சேனல் பென்சில்வேனியாவின் வில்க்ஸ்-பாரி நகரில் தொடங்கப்பட்டது. தனியாகப் பணம் கட்டியவர் மட்டுமே அதைப் பார்க்கலாம். இத்தகைய சேனல்கள் பெருகப் பெருக, பணம் கட்டாமல் பார்க்கும் வழிகளும் பெருகின.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கம்பியில் வரும் படம் தானாக வருவதில்லை. கம்பம் நட வேண்டும். கம்பி இழுக்க வேண்டும். மழையில் அறுந்தால் ஆள் அனுப்ப வேண்டும். நிகழ்ச்சிக்கு உரியவருக்கு உரிமைத் தொகை கொடுக்க வேண்டும். இவ்வளவு செலவையும் ஒருவர் செய்வது, பார்ப்பவர் ஒவ்வொருவரும் தம் பங்கைக் கொடுப்பார் என்ற நம்பிக்கையில்தான். கொடுக்காமல் பார்ப்பவர் அந்தக் கம்பியைக் கழற்றிக் கொண்டு போகவில்லை. அந்தக் கூலியைத்தான் கொண்டு போகிறார்.

அமெரிக்கச் சட்டம் கூறுவது

அனுமதியின்றி வானொலித் தகவல்களைக் கைப்பற்றுவதைத் தடுக்கும் பிரிவு 1934ஆம் ஆண்டின் தகவல் தொடர்புச் சட்டத்திலேயே இருந்தது. கேபிளுக்கென்று தனிப் பிரிவு 1984ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இயற்றப்பட்ட கேபிள் சட்டத்தின் மூலம் வந்தது. அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 47ஆம் தலைப்பில் 553ஆம் பிரிவாக அது இருக்கிறது. கேபிள் நிறுவனத்தின் அனுமதியின்றி அதன் சேவையை இடைமறிப்பதும், பெறுவதும், பிறர் பெறுவதற்கு உதவுவதும் குற்றம் என்று அது கூறுகிறது. உதவுவது என்பதில், இத்திருட்டுக்கென்று கருவி செய்து விற்பதும் சேரும்.

தண்டனையின் முதல் படி, தன் வீட்டில் பார்ப்பதற்காக வேண்டுமென்றே திருடியவருக்கு உரியது. அவருக்கு 1,000 டாலர் வரை அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

இரண்டாம் படி, இலாபத்திற்காக இதைச் செய்தவருக்கு உரியது. முதல் முறை 50,000 டாலர் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை. மறுமுறை செய்தால் 100,000 டாலர் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை. 1984இல் இவை இதைவிடக் குறைவாக இருந்தன, 1992இல் உயர்த்தினார்கள். அன்றியும், கள்ளப் பெட்டி விற்றவர் விற்ற ஒவ்வொரு பெட்டியும் தனித்தனிக் குற்றமாக எண்ணப்படும். பத்துப் பெட்டி விற்றவர் பத்துக் குற்றம் செய்தவராவார்.

இவையெல்லாம் சர்க்கார் கொடுக்கும் தண்டனை. இதோடு முடிந்து விடவில்லை. பொருளை இழந்த நிறுவனம் தனியே சிவில் வழக்குப் போடலாம். தனக்கு ஏற்பட்ட நஷ்டத்தைக் கணக்குக் காட்ட இயலாவிட்டாலும், 250 முதல் 10,000 டாலர் வரை நஷ்டஈடு விதிக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. வேண்டுமென்றே இலாபத்திற்காகச் செய்ததென்றால் அதற்கு மேலும் 50,000 டாலர் வரை கூட்டலாம். வழக்குச் செலவையும் வாங்கித் தரலாம்.

தாம் செய்வது குற்றமென்று அறியாமலும், அறிய வழியில்லாமலும் ஒருவர் செய்திருந்தால் என்ன செய்வது? அப்போதும் சட்டம் அவரை முற்றிலும் விட்டுவிடவில்லை. நஷ்டஈட்டை 100 டாலர் வரை குறைக்கலாம். அதற்குக் கீழே போகாது. அறியாமை தண்டனையை இலேசாக்கும். பிறர் உரிமையை அழித்து விடாது. இந்த விதியை வாசகர்கள் மனதில் வைத்துக் கொள்ளவும். பின்னர் ஷரீஅத்தைப் பார்க்கும்போது இதே விஷயம் மீண்டும் வரும்.

கம்பியில் வராமல் செயற்கைக் கோளிலிருந்து வரும் ஒளிபரப்பைத் திருடினால் 605ஆம் பிரிவு பொருந்தும். அதில் வீட்டில் பார்ப்பவருக்கு 2,000 டாலர் வரை அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை. சிவில் நஷ்டஈடு 1,000 டாலரில் தொடங்குகிறது. திருட்டுக் கருவி செய்பவருக்கும் விற்பவருக்கும் 500,000 டாலர் வரை அபராதமும் 5 ஆண்டு வரை சிறையும் உண்டு. இவை தவிர, பல மாநிலங்களில் இதற்கெனத் தனிச் சட்டங்களும் இருக்கின்றன.

கடைக்காரர்கள் இதில் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வீட்டுக்கென்று சந்தா கட்டிய இணைப்பைத் தம் உணவு விடுதியில் வைத்து, குத்துச்சண்டைப் போட்டியைக் கூட்டத்திற்குக் காட்டியவர்கள் மீது அங்கே எத்தனையோ வழக்குகள் வந்திருக்கின்றன. நான் பணம் கட்டித்தானே பார்க்கிறேன் என்ற பதில் அங்கே எடுபடாது. வீட்டுக்கு வாங்கியது வீட்டுக்கு மட்டுமே. கடைக்கு வேறு ஒப்பந்தம், வேறு கட்டணம்.

சட்டத்திற்கும் எல்லை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் டைரக்டிவி என்னும் செயற்கைக் கோள் நிறுவனம், கார்டு எழுதும் கருவி வாங்கியவர்கள் என்று பட்டியல் எடுத்து ஆயிரக்கணக்கானோர் மீது வழக்குத் தொடுத்தது. வேறு நல்ல வேலைக்காக அக்கருவியை வாங்கியவர்களும் அதில் அகப்பட்டார்கள். கருவி வைத்திருந்தார் என்பதை மட்டும் கொண்டு அந்நிறுவனம் வழக்காட இயலாது என்று 2004இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருடியதற்குச் சாட்சி வேண்டும். சந்தேகம் மட்டும் போதாது. நமது ஷரீஅத்தும் சந்தேகத்தைக் கொண்டு ஒருவரைத் திருடன் என்று கூற அனுமதிப்பதில்லை.

இன்று இத்திருட்டு கம்பியை விட்டு இன்டர்நெட்டுக்கு மாறி வருகிறது. அதற்காக அமெரிக்காவில் 2020 டிசம்பரில் ஒரு சட்டம் வந்தது. பிறருடைய நிகழ்ச்சிகளை அனுமதியின்றி இன்டர்நெட்டில் ஓடவிட்டு வியாபாரம் நடத்துபவருக்கு 3 ஆண்டும், கடுமையான வகைகளில் 5 ஆண்டும், மறுமுறை செய்தால் 10 ஆண்டும் வரை சிறை உண்டு. அச்சட்டத்தின் நோக்கம் வியாபாரிகளைப் பிடிப்பது. எனினும் அவர்களிடம் மலிவாக வாங்குபவர்கள் இல்லாவிட்டால் அந்த வியாபாரமே இல்லை என்பதை மறக்கலாகாது.

யாருக்கும் நஷ்டமில்லை என்பது மெய்யா?

நாம் இழுத்துக் கொள்வதால் யாருக்கும் தீங்கில்லை என்ற பேச்சு மெய்யன்று. கேபிளுக்குள் ஓடும் அலைகள் வெளியே கசியாதபடி அதைச் சுற்றி உறை இருக்கிறது. தொழில் தெரியாதவர் கம்பியை வெட்டி ஒட்டும்போது அந்த இடத்தில் அலை கசிகிறது. கேபிளில் ஓடும் அலைவரிசைகளில் சில, விமானங்களுக்கும் தரைக்கும் இடையே பேசும் அலைவரிசைகளாகவும் இருக்கின்றன. ஆகவேதான் கசிவைத் தேடி அடைக்க வேண்டுமென்று அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் கேபிள் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகிறது. ஒருவர் தம் வீட்டுத் திண்ணையில் போட்ட கள்ள இணைப்பு, வானத்தில் செல்பவர்களுக்குத் தொல்லை தரக்கூடும். அது மட்டுமன்று. திருடியவர் கொடுக்காத பங்கை, ஒழுங்காகக் கட்டும் அண்டை வீட்டுக்காரர்தான் கடைசியில் சுமக்கிறார்.

நம் நாட்டின் சட்டம்

நம் நாட்டுச் சட்டத்திற்கு வருவோம். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், திருட்டு என்பது அசையும் பொருளை எடுப்பது என்றது. அசையும் பொருள் என்றால் பருப்பொருள், அதாவது உருவமுள்ள பொருள் என்றும் விளக்கியது. அப்படியானால் மின்சாரத்தைத் திருடினால் என்ன? இக்கேள்வி சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. மின்சாரத்தைக் களவாக எடுப்பது அந்தத் தண்டனைச் சட்டத்தின்படி மட்டும் பார்த்தால் திருட்டாகாது. 1910ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் அதைத் திருட்டாகக் கருத வேண்டும் என்று கூறியதால்தான் குற்றமாகிறது என்று தீர்ப்பாயிற்று. இப்போது 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 135ஆம் பிரிவில், கொக்கி போடுவதற்கும் மீட்டரைத் திருத்துவதற்கும் 3 ஆண்டு வரை சிறை விதிக்கிறது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அசையும் பொருளுக்கு விளக்கம் தரும்போது, உருவமுள்ள என்னும் சொல்லை விட்டுவிட்டார்கள். கையில் பிடிக்க முடியாததும் பொருள்தான் என்ற பக்கம் சட்டம் நகர்ந்திருப்பதை இதனால் விளங்கிக் கொள்ளலாம்.

ஒளிபரப்பைப் பொறுத்தமட்டில், 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் 37ஆம் பிரிவில் ஒளிபரப்பு நிறுவனத்திற்குத் தனி உரிமை கொடுக்கிறது. அனுமதியின்றி மறு ஒளிபரப்புச் செய்வதும், கட்டணம் வாங்கிப் பொதுமக்களுக்குக் காட்டுவதும் அவ்வுரிமையை மீறுவதாகும். அறிந்தே மீறுபவருக்கு 63ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. உரிமையை மீறும் எண்ணத்தோடு மின்னணுப் பூட்டை உடைப்பவருக்கு 2012இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. கேபிள் நடத்துபவர்களை ஒழுங்குபடுத்தும் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் முன்பு சிறைத் தண்டனை இருந்தது. 2023ஆம் ஆண்டுத் திருத்தம் அதை நீக்கி, எச்சரிக்கை, பண அபராதம் முதலியவற்றை வைத்தது. சிறை போய்விட்டதால் கேபிள்காரருக்குக் கடமையும் போய்விட்டது என்று எண்ணக் கூடாது.

ஷரீஅத் கூறுவது

இனி நமது இமாம்களிடம் வருவோம். உருவமில்லாதது பொருளாகுமா என்ற கேள்வியை அவர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்து விட்டார்கள். ஒரு வீட்டில் குடியிருப்பது, ஒரு வாகனத்தில் ஏறிச் செல்வது போன்ற பயன்களை பிக்ஹில் மனாபிஃ என்பர். ஷாபிஈ, மாலிகி, ஹம்பலி மத்ஹபுகளில் பயனும் பொருளே. ஹனபி மத்ஹபில், சேர்த்து வைத்துத் தேவைப்படும்போது எடுக்கக் கூடியதே பொருள். பயன் தன்னளவில் பொருளன்று, ஒப்பந்தத்தால்தான் அதற்கு மதிப்பு வருகிறது.

ஆகவே, ஒருவருடைய வீட்டை மற்றொருவர் அபகரித்துச் சில மாதம் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தால், ஷாபிஈ மத்ஹபின்படி அந்த மாதங்களுக்குரிய நடைமுறை வாடகையையும் கொடுக்க வேண்டும். ஹனபி மத்ஹபில் பொதுவாக இது கடமையில்லை. ஆனால் பிற்கால ஹனபி அறிஞர்கள் மூன்று சொத்துக்களை இதிலிருந்து விலக்கினார்கள்: வக்பு சொத்து, அனாதையின் சொத்து, வாடகைக்கு விட்டு வருமானம் பெறுவதற்கென்றே வைக்கப்பட்ட சொத்து. இம்மூன்றின் பயனை அனுபவித்தவர் வாடகை கொடுத்தே ஆக வேண்டும். துருக்கிய உதுமானிய அரசின் மஜல்லா சட்டத்தில் 596ஆம் விதியும் இவ்வாறே கூறுகிறது.

கேபிள் கம்பி எதற்காக இழுக்கப்பட்டது? மாதச் சந்தா பெறுவதற்காகவே. எனவே அது மேற்கூறிய மூன்றாம் வகையில் சேர்கிறது. ஷாபிஈயானாலும் ஹனபியானாலும், அதன் பயனைக் களவாக அனுபவித்தவர் அதற்குரிய தொகைக்குக் கடன்காரராவார் என்பதே நாம் விளங்கிக் கொண்டது. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகாடமியும், நூலாசிரியர் உரிமை, கண்டுபிடிப்பு உரிமை, வணிகப் பெயர் ஆகியவை ஷரீஅத்தில் பாதுகாக்கப்பட்ட உரிமைகள், அவற்றை மீறலாகாது என்று முடிவு செய்தது.

இதற்குக் கை வெட்டும் ஹத்துத் தண்டனை பொருந்துமா எனச் சிலர் கேட்கலாம். பொருந்தாது. அதற்குக் குறிப்பிட்ட மதிப்பு, பாதுகாப்பான இடத்திலிருந்து எடுத்தல், சந்தேகத்திற்கு இடமின்மை எனப் பல நிபந்தனைகள் உண்டு. இத்தகைய குற்றங்களில் அதிகாரமுடையவர் நியாயம் பார்த்து விதிப்பது தஃஸீர் எனப்படும். ஹத்து இல்லை என்பதனால் பாவமும் இல்லை என்று ஆகிவிடாது.

முன்பு சொன்ன அறியாமை விஷயத்திற்கு வருவோம். அபகரித்தவரிடமிருந்து ஒரு பொருளைப் பெற்றவர் விஷயம் அறியாதவராக இருந்தால் அவர் மீது பாவமில்லை. ஆனால் ஈடு கொடுக்கும் பொறுப்பு அவரையும் சேரும் என்பது ஷாபிஈ மத்ஹபின் சட்டம். அமெரிக்கச் சட்டம் 100 டாலரில் நிறுத்தியதும் இதே நீதியைத்தான். ஆகவே முன்பு குடியிருந்தவர் விட்டுச் சென்ற கள்ள இணைப்பு நம் வாடகை வீட்டில் இருந்தால், தெரிய வந்த அன்றே அதைக் கழற்ற வேண்டும்.

சில சாக்குகள்

அதில் வருவதில் பெரும்பாலும் ஹராமான காட்சிகள். அவர்களிடமிருந்து எடுத்தால் என்ன என்கிறார் ஒருவர். பார்க்கக் கூடாததைப் பார்ப்பது ஒரு பாவம். கொடுக்க வேண்டியதைக் கொடுக்காதது மற்றொரு பாவம். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை ஹலாலாக்க முடியாது.

அது கோடீசுவரக் கம்பெனி, முஸ்லிம்களுடையதுமன்று என்கிறார் மற்றொருவர். மக்கத்துக் குறைஷிகள் நாயகம் (ஸல்) அவர்களைக் கொல்லச் சதி செய்த இரவில், அந்த மக்கள் ஒப்படைத்து வைத்திருந்த அமானிதங்களைத் திருப்பிக் கொடுப்பதற்காக அலீ (ரலி) அவர்களை மக்காவில் விட்டுச் சென்றார்கள் என்பது வரலாறு. கொல்ல வந்தவர்களின் பொருளுக்கே அவ்வளவு மதிப்பென்றால், நமக்குத் தீங்கு செய்யாத ஒருவரின் பொருளைப் பற்றிக் கேட்க வேண்டுமா? அமான் பெற்று ஒரு நாட்டில் நுழைந்த முஸ்லிம், அந்நாட்டாரின் பொருளில் எதையும் களவாக எடுக்கக் கூடாது என்று இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் தெளிவாகக் கூறியிருக்கிறார்கள். விசாவும் அத்தகைய அமானே. வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

திருத்திக் கொள்ளும் வழி

அல்லாஹ்வின் உரிமையில் செய்த பிழைக்கு வருந்தி, விட்டு விலகி, இனிச் செய்வதில்லை என உறுதி கொண்டால் தவ்பா நிறைவேறும். அடியார்களின் உரிமையில் இவற்றோடு நான்காவது ஒன்றும் வேண்டும். உரியவருக்கு உரியதைக் கொடுக்க வேண்டும், அல்லது அவரிடம் மன்னிப்புப் பெற வேண்டும்.

ஆகவே களவாக அனுபவித்த மாதங்களைக் கணக்கிட்டு, அப்போதைய சந்தா எவ்வளவோ அதை எழுதிக் கொள்ளுங்கள். மாதம் 150 ரூபாய் வீதம் 20 மாதம் என்றால் 3,000 ரூபாய். அதைக் கேபிள்காரரிடம் கொடுங்கள். வெட்கமாக இருந்தால், காரணத்தை விரித்துச் சொல்லாமல், உங்களுக்குச் சேர வேண்டிய பழைய பாக்கி என்று சொல்லிக் கொடுத்தாலும் கடன் தீரும். அவர் இறந்து விட்டால் வாரிசுகளிடம் கொடுங்கள். எவ்வளவு தேடியும் உரியவர் கிடைக்கவில்லையானால், அவர் பெயரால் ஏழைகளுக்குக் கொடுத்து விடுங்கள். ஒரே தடவையில் இயலாதவர் சிறுகச் சிறுகக் கொடுக்கலாம். இணைப்பை மட்டும் இன்றே கழற்றி விட வேண்டும்.

வீட்டுத் தாய்மார்களுக்கும் இதில் பங்குண்டு. மாடியில் ஏறிக் கம்பியை ஒட்டும் தகப்பனைப் பார்த்து நிற்கும் பிள்ளை, அகப்படாமல் எடுத்தால் குற்றமில்லை என்ற பாடத்தை அன்றே கற்றுக் கொள்கிறது. பின்னர் அதே பிள்ளை பரீட்சையில் பார்த்து எழுதினால், கடைக் கல்லாவில் கை வைத்தால், யாரை நோவது?

தொழுகையும் நோன்பும் ஜகாத்தும் நிறையக் கொண்டு வந்தும், பிறர் உரிமையைத் தின்ற காரணத்தால் அந்நன்மைகளை எல்லாம் அவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்து விட்டு வெறுங்கையோடு நிற்பவனே தம் உம்மத்தில் மெய்யான ஏழை என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸ் நாம் அறிந்ததே. உலக நீதிமன்றம் டாலரிலும் ரூபாயிலும் கணக்குத் தீர்க்கிறது. சாட்சி இல்லாவிட்டால் விட்டும் விடுகிறது. அந்த நாளின் கணக்கில் சாட்சிக்குக் குறைவில்லை; கொடுப்பதற்கு நன்மைகளைத் தவிர வேறு நாணயமும் இல்லை. மாதம் சில நூறு ரூபாய்க்காக நம் தொழுகைகளை விற்று விடாமல், ஹலாலானதைக் கொண்டு போதுமாக்கிக் கொள்ளும் மனத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நம் மக்களுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.